அடுப்படியில் 20 ஆம்ப் ஏசி பாக்ஸ்: ஓவனுக்குச் சரி, ஹாபுக்கு ஆகாது

ஏசி பாக்ஸ் என்பது ஏசிக்கும் கீசருக்கும் சுவரில் மாட்டுகிற இரும்புப் பெட்டிதான். ஒரு பக்கம் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்), இன்னொரு பக்கம் 20 ஆம்ப் மெட்டல் பிளக். மாடுலர் கிச்சன் வந்த பிறகு இது அடுப்படிக்குள்ளும் நுழைந்துவிட்டது. பில்ட்-இன் ஓவனோ நாலு பர்னர் இண்டக்ஷன் ஹாபோ (மேடையில் பதிக்கும் மின் அடுப்பு), எது வாங்கினாலும் "ஏசி பாக்ஸ் ஒண்ணு போட்டுடலாம் சார்" என்பதே எலக்ட்ரீஷியனின் பதில். அந்தப் பதில் பாதிதான் சரி.

ஓவனுக்கு இதைத் தாராளமாக வாங்கலாம். 3 கிலோவாட் ஓவன் 230 வோல்ட்டில் 13 ஆம்ப் இழுக்கும். சாதாரண 16 ஆம்ப் பிளக்கே கணக்குக்குப் போதும். ஆனால் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடும்போது மலிவான சாக்கெட்டின் ஸ்பிரிங் தளர்ந்து, பிளக் டாப் பழுப்பேறிவிடும். பெட்டியின் தடித்த பின்களில் இந்தத் தொல்லை குறைவு. இதற்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர், தனி பைப், 20 ஆம்ப் எம்சிபி போதும். அதே பைப்பில் வேறு சர்க்யூட் ஒயரும் போனால் எம்சிபியை 16 ஆக்குங்கள், அல்லது ஒயரை 4 ஸ்கொயர் ஆக்குங்கள். 2000 வாட் டேபிள் டாப் இண்டக்ஷன் ஸ்டவ்வுக்கு இந்தப் பெட்டி வீண் செலவு. அது இழுப்பது 9 ஆம்ப்தான், நல்ல 16 ஆம்ப் சாக்கெட் போதும்.

வாங்கும்போது எம்சிபியின் எண்ணைப் படியுங்கள். உள்ளே 25 அல்லது 32 ஆம்ப் எம்சிபி பொருத்திய பெட்டி கைக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாக்கெட் 20 ஆம்ப், காவல் 32 ஆம்ப் என்றால் சாக்கெட் உருகிய பிறகும் எம்சிபி விழாது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் டபுள் போல் எம்சிபி உள்ளதைக் கேளுங்கள். பெட்டியின் உடலுக்கு எர்த் ஸ்க்ரூ இருக்கிறதா, தகடு அமுங்காமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஹாப் வேறு கதை. நாலு பர்னர் ஹாபின் லேபிளில் 7.4 கிலோவாட் என்று இருந்தால் 32 ஆம்ப் வருகிறது. நாலும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரியாது என்பார்கள். பிரிட்டன் வழக்கப்படி மின் அடுப்புக்கு முதல் 10 ஆம்ப் முழுதாக, மீதியில் 30 சதவீதம் என்று கணக்கிட்டால் 17 ஆம்புக்குள் அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் காலை ஏழரை மணிக்கு ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் சாம்பார், தோசைக்கல், பால் என்று நாலும் ஏறும் நம் அடுப்படிக்கு அந்தச் சலுகையை நம்ப முடியாது. பெரும்பாலான பெரிய ஹாப்கள் பிளக்கே இல்லாமல் வருவதும் இவ்வளவு ஆம்ப் இழுப்பதால்தான். அவற்றை டிபியிலிருந்து (வீட்டின் எம்சிபிகள் இருக்கும் பெட்டி) வரும் தனி ஒயரில் நேரடியாக, ஐசொலேட்டர் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து இணைக்க வேண்டும்.

ஒயர் அளவில் நம் வெயிலையும் சேர்த்துக் கொள்ளுங்கள். 30 டிகிரி அறையில், பைப்புக்குள் 4 ஸ்கொயர் பிவிசி ஒயர் 32 ஆம்ப் தாங்கும் என்று அட்டவணை சொல்லும். 40 டிகிரியில் அது 28க்கு இறங்கிவிடும். 6 ஸ்கொயர் 41லிருந்து 36க்கு இறங்கும். ஆகவே 32 ஆம்ப் எம்சிபிக்கு 6 ஸ்கொயர், அதுவும் தனி பைப்பில். வேறு சர்க்யூட் ஒன்று கூட வந்தால் இன்னும் 20 சதவீதம் குறையும், 10 ஸ்கொயருக்குப் போக வேண்டும். எர்த் ஒயரும் அதே அளவில் இழுக்கச் சொல்லுங்கள். மெல்லிய பச்சை ஒயர் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பது வழக்கமாகிவிட்டது.

வீட்டில் மூன்று பேஸ் இருந்தால் வேலை எளிது. பல ஹாப்களின் டெர்மினலில் பித்தளை லிங்க்கை (இணைப்புத் தகடு) மாற்றி இரண்டு பேஸாகப் பிரிக்கலாம். பேஸுக்கு 16 ஆம்ப். நியூட்ரலிலும் 16தான் ஓடும். தனி பைப்பில் 4 ஸ்கொயர், 20 ஆம்ப் எம்சிபி போதும். இரண்டு பேஸும் ஒரே கைப்பிடியில் விழ வேண்டும், தனித்தனி எம்சிபி கூடாது. சிங்கிள் பேஸ் வீடென்றால் மெயின் எத்தனை ஆம்ப் என்று முதலில் பாருங்கள். மெயினே 32 என்றால் ஹாபோடு ஏசியும் ஓடும்போது வீடே இருட்டாகும். சில ஹாப்களில் மொத்த வாட்டைக் குறைத்து வைக்கும் செட்டிங் உண்டு, அது இங்கே உதவும்.

எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பெரிய எம்சிபி மாட்டுவதுதான் மோசமான வைத்தியம். 32 ஆம்ப் எம்சிபி 36 ஆம்பில் ஒரு மணி நேரமானாலும் விழாது, அது அதன் தரவிதி. அந்த 36 ஆம்ப், 40 டிகிரியில் 21 ஆம்ப் மட்டுமே தாங்கும் 2.5 ஸ்கொயர் ஒயரில் ஓடினால் பிவிசி வெந்து நொறுங்கும். அடிக்கடி விழுவதற்கு இன்னொரு காரணம் லூஸ் கான்டாக்ட். பல இழை ஒயரை வெறுமனே முறுக்கிச் சொருகினால் ஸ்க்ரூ தளர்ந்து, அந்தச் சூட்டிலேயே எம்சிபி விழும். பின் லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு அழுத்தச் சொல்லுங்கள்.

ஏசி பாக்ஸில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) கிடையாது. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி டிபியில் இருக்க வேண்டும். ஓவன் ஆன் செய்ததும் அது விழுந்தால் பெட்டியையும் எம்சிபியையும் மாற்றிப் பயனில்லை. ஈரம் ஏறிய அல்லது கெட்டுப்போன ஹீட்டிங் எலிமெண்ட்டைத்தான் சர்வீஸ்காரரிடம் காட்ட வேண்டும்.