ஃபெட்டா, ஜியோஜீப்ராவா? படுவான்கரை வகுப்பறையிலிருந்து

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலைகளில் 'மல்டிமீடியா' என்றால் புரொஜெக்டர். அது ஒன்று, என் பழைய லப்டொப் ஒன்று. சிக்னல் வந்தால் வரும். காணொளிப் பாடங்களை முதலிலேயே விட்டுவிட்டேன்: டேட்டாவும் கரையும், பிள்ளைகளும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணிதம் கற்பிக்க எனக்கு மிஞ்சியவை இரண்டு மென்பொருள்கள்: ஃபெட், ஜியோஜீப்ரா.

ஃபெட் (PhET) என்பது திரையில் இழுத்து, மாற்றிப் பார்க்கும் ஆயத்தப் பாவனைகளின் தொகுப்பு; நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பௌதிகவியலுக்கென்று வந்தாலும் கணிதத்துக்கும் நிறைய இருக்கிறது. இணையம் உள்ள இடத்தில் இறக்கி பென்டிரைவில் போட்டால் போதும், பிரவுசரிலேயே திறக்கும். பின்னத்துக்கு இதை விட்டால் வேறில்லை. 3/8, 3/5 எது பெரிது என்று கேட்டால் பாதி வகுப்பு 3/8 என்று சொல்லும். எட்டு பெரிதல்லவா! பகுதி எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டச் சொன்னேன். திரையில் துண்டு மெலிய மெலிய, முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி "ஆக்கள் கூடக்கூடப் பங்கு குறையுது சேர்" என்றாள். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

ஆனால் ஃபெட் சமைத்து வைத்த சோறு, தந்ததைத்தான் பயன்படுத்தலாம். கேத்திர கணிதத்துக்கு, உருவங்களை நாமே வரைந்து அசைத்துப் பார்க்கும் ஜியோஜீப்ராதான் (GeoGebra). மார்க்குஸ் ஹோஹன்வார்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. கணினியில் நிறுவிவிட்டால் இதற்கும் இணையம் வேண்டாம். திறந்தால் வெறும் தாள், ஆசிரியர் முதல்நாள் இரவே உட்கார வேண்டும். உச்சிகளை வலஞ்சுழியாகக் குறித்து முக்கோணியை வரைந்துவிட்டு, கோணக் கருவியால் அதன்மேல் சொடுக்கினால் உள்ளே இருக்கும் கோணத்தை விட்டுவிட்டு வெளியே சுற்றிவரும் பெரிய கோணத்தைக் காட்டும். அது பிடிபட எனக்கு அரைமணி நேரம் போனது.

பட்ட பாடு வீண்போகவில்லை. தரம் 8 பையன் ஒருவன் உச்சியை இழுத்து இழுத்துக் கோணங்களைக் கொப்பியில் கூட்டினான். "சேர், 181 வருது. 180 என்டுதானே சொன்னீங்க?" தசமம் வேண்டாமென்று முழு எண்ணில் வைத்தது என் வேலை. 59.6, 60.6, 59.8 என்று இருந்தவை 60, 61, 60 ஆகிவிட்டன. அன்றைக்கு மட்டந்தட்டலும் சேர்த்துப் படித்தோம். இப்படியொரு கேள்வி ஃபெட்டில் எனக்கு இன்னும் வந்ததில்லை.

ஒன்றைத்தான் பழக நேரமிருக்கிறது என்றால் ஃபெட்டில் தொடங்குங்கள். தரம் 8, 9 எடுப்பவர் ஜியோஜீப்ராவுக்கு ஒரு தவணை ஒதுக்கலாம்.

இரண்டிலும் மவுஸ் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். வயர்லெஸ் மவுஸ் ஒன்று வாங்கி வரிசை வரிசையாகக் கைமாற்றுகிறேன். போன கிழமை மூன்றாவது வரிசைக்குப் போகும்போது பற்றரி முடிந்துவிட்டது.