வாணியம்பாடி – ஆம்பூர் சாலையில் டயரைக் காட்டி வண்டியை நிறுத்துகிறார்கள், உஷார்

பெங்களூர் பக்கமிருந்து வேலூருக்குக் காரில் வருகிறவர்கள், குறிப்பாக வெளியூர் நம்பர் பிளேட் உள்ளவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். வாணியம்பாடி தாண்டியதும் பைக்கில் ஒருவர் பக்கத்தில் வந்து உங்கள் பின் டயரைக் காட்டிக் கையசைத்தால், அவர் சொல்கிற இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

நண்பர்கள் நாங்கள் நான்கு பேர் ஜெய்ப்பூர் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். டெல்லியில் தொடங்கி ஜெய்ப்பூர், உதய்ப்பூர், மும்பை, புனே, ஹூப்ளி, பெங்களூர் வழியாக வருகிற அதே 48ஆம் எண் நெடுஞ்சாலைதான் கிருஷ்ணகிரியில் திரும்பி வேலூர் வழியாகச் சென்னைக்குப் போகிறது. கார் கோயம்புத்தூர் நண்பனுடையது. மற்ற இருவரில் ஒருவன் தூத்துக்குடி, ஒருவன் தஞ்சாவூர். நான் காட்பாடிக்காரன். கடைசி இரண்டு நாளும் என் பொறுப்பு என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். ராத்திரி ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ள எண்ணெய் கத்தரிக்காய். காலையில் வேலூர்க் கோட்டை, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், கல்யாண மண்டபத்து யாளித் தூண்கள். 1806இல் சிப்பாய்கள் எழுந்த இடத்தில் நின்று அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. மாலையில் ஸ்ரீபுரம் பொற்கோயில். ராஜஸ்தானில், குஜராத்தில், பாஷை தெரியாத ஊர்களிலெல்லாம் எங்களிடம் யாரும் ஒரு ரூபாய் கூட அநியாயமாக வாங்கவில்லை.

பொழுது சாய்கிற நேரம். ஒரு பைக் இடப்பக்கமாக ஒட்டி வந்தது. ஓட்டியவர் எங்கள் பின் டயரைக் காட்டிக் காட்டிக் கத்தினார். கண்ணாடியை இறக்கியதும், "காத்து இறங்குது சார், வெடிச்சிரும். முன்னாடி சர்வீஸ் ரோட்ல கடை இருக்கு" என்றார். பதறித்தான் போனோம். நான்கு பேரும் மூட்டை முடிச்சுமாக ஏறியிருந்த வண்டியில் பின் டயர் கொஞ்சம் அமுங்கித்தான் தெரியும், அது வேறு பார்க்க அப்படியே காற்றில்லாத டயர் மாதிரி இருந்தது. கடையில் இறங்கினோம்.

கடைக்காரர் நல்ல மரியாதையாகப் பேசினார். "டீக்கடை பக்கத்துலதான் இருக்கு, போய் டீ சாப்ட்டு வாங்கண்ணா, பத்து நிமிஷம்" என்றார். மூன்று பேரும் போனோம். கோயம்புத்தூர் நண்பன் மட்டும் வண்டியோடு நின்றான். அவனையும் அங்கே இருந்த பையன் வீல் ஸ்பேனர் எடுத்துக் கொடுங்க, பானெட்டைத் திறங்க என்று இங்கும் அங்கும் அலைய விட்டிருக்கிறான். நாங்கள் திரும்பி வந்தபோது டயரில் சோப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தது, இடம் இடமாக நுரை கொப்பளித்தது. "இன்னா சார், ஒம்போது பஞ்சர் இருக்கு! இவ்ளோ தூரம் எப்டி வந்தீங்க?" என்றார் கடைக்காரர்.

ஒரு பஞ்சருக்கு 200 ரூபாய், ஆக 1,800. நான் ஆணிகள் எங்கே என்று கேட்டேன். ஒரு டப்பா மூடியில் கொஞ்சம் ஆணிகளைக் கொட்டிக் காட்டினார். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தலை முழுசாக இருந்தது, மேலே துரு அப்படியே படிந்திருந்தது. டயரில் ஏறி ரோட்டில் உருண்ட ஆணி இப்படி இருக்காது. தலை தேய்ந்து தட்டையாகிப் பளபளவென்று இருக்கும், இல்லையென்றால் உடைந்தே போயிருக்கும். அதைச் சொன்னதும் மரியாதையெல்லாம் போய்விட்டது. "அப்ப நாங்க குத்துனோம்ன்றியா?" என்று குரல் உயர்ந்தது. எங்கிருந்தோ இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இருட்டிவிட்டது, வண்டி ஜாக்கியில் நிற்கிறது, சக்கரம் அவர்கள் கையில் இருக்கிறது.

அப்புறம் அடுத்தது. இத்தனை ஒட்டுப் போட்ட டயர் ஹைவேயில் தாங்காது, ஒரு புது டயர் இருக்கிறது, 5,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். ஸ்டெப்னி மாட்டுங்கள் போதும் என்றால், அதிலும் காற்றில்லை என்று காட்டினார். பெங்களூரில் காற்றடித்தபோது ஸ்டெப்னிக்கும் சேர்த்து அடித்தவன் தூத்துக்குடி நண்பன். அவனுக்கு வந்த கோபத்தை அடக்குவதே எங்களுக்குப் பெரும்பாடு. புது டயர் பளபளவென்று கறுப்பாக இருந்தது. மொத்தம் 7,300. பில் கேட்டதற்கு, பில் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் கடைப் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பழைய டயரை "இங்கியே போட்டுட்டுப் போங்க, வேஸ்ட்டு" என்று இரண்டு மூன்று முறை சொன்னார்கள். தஞ்சாவூர் நண்பன் பேச்சே கொடுக்காமல் அதைத் தூக்கி டிக்கியில் போட்டான். அவன் செய்த அந்த ஒரு காரியத்தால்தான் இன்று எங்களிடம் சாட்சி இருக்கிறது.

அன்று ஆம்பூரில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை கோட்டைக்குப் போகவில்லை. வண்டி 60ஐத் தாண்டினாலே ஸ்டியரிங் உதறியது. எனக்குப் பல வருடமாகத் தெரிந்த டயர் கடைக்கு ஓட்டிப் போனேன். அந்தப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் திருப்பிப் போட்டார். துணியால் பாலிஷைத் துடைத்துவிட்டு, "இங்க பாரு தம்பி" என்றார். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்: 1816. முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2016ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் தயாரான டயர். பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே பார்க்க வைத்து மாட்டியிருக்கிறார்கள். பட்டனை, அதாவது டயர் ரோட்டில் படுகிற பக்கத்து வரிப் பள்ளங்களை, புதிதாக வெட்டி ஆழமாக்கியிருந்தது, உள்ளே இரண்டு பழைய ஒட்டும் இருந்தது. அதில் நான்கு பேரும் வேலூர் வரை சுமார் 50 கிலோமீட்டர் இருட்டில் வந்திருக்கிறோம். பணம் போனது கூட இருக்கட்டும், இதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

பிறகு எங்கள் பழைய டயரைப் பார்த்தார். ஒன்பது ஓட்டையும் ஒரே தடிமன், எல்லாம் ஒரு சாண் இடத்துக்குள். ஆணி தற்செயலாக ஏறினால் இப்படி வரிசை கட்டி ஏறாது, எல்லாம் குத்தூசி வேலை என்றார். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேடுகிற மாதிரி உள்ளங்கையில் ஊசியை வைத்துக்கொண்டு குத்துவார்களாம். அதில் ஒன்று சைடு வாலை, அதாவது டயரின் பக்கச் சுவரை, ஒட்டி இருந்தது. அந்த இடத்தில் ஒட்டே போடக் கூடாது என்பதால் நல்ல டயரும் வீணாகிவிட்டது.

அந்தப் பெரியவர் சொன்னதையும் நாங்கள் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். யாராவது டயரைக் காட்டினால் வேகத்தைக் குறைத்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுக்கவில்லை என்றால் மெதுவாக அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்க் காற்றைப் பாருங்கள், அங்கே காற்று இலவசம். டியூப்லெஸ் டயரில் சின்ன ஆணி ஏறியிருந்தால் காற்று மெல்லத்தான் இறங்கும், ஆணியைப் பிடுங்காமல் விட்டால் கடை வரை போய்விடலாம். காற்று மொத்தமாக இறங்கிவிட்டால் ஓட்டாதீர்கள், ஓரம் கட்டி ஸ்டெப்னி மாட்டுங்கள். உதவி வேண்டுமென்றால் நெடுஞ்சாலை உதவி எண் 1033, மிரட்டினால் 112. பஞ்சர் கடையில் முதலில் ரேட்டைப் பேசுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பாருங்கள், ஒவ்வொரு ஓட்டையையும் ஒட்டுப் போடும் முன்பே போனில் படம் எடுங்கள். டீ குடிக்கப் போகச் சொன்னால் போகாதீர்கள்.

இந்தச் சாலையில் ராத்திரி பகல் பாராமல் நியாயமாகப் பஞ்சர் ஒட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். இந்தக் கும்பலால் அவர்கள் பெயரும் கெடுகிறது.

நண்பர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த முறை கோட்டையைப் பார்த்துக்கொள்ளலாம்டா என்று அவர்கள்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறோம். அடுத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்த பிறகு அந்தக் கடை இருக்கும் பகுதி திருப்பத்தூர் மாவட்டத்தில் வருகிறது. ஆனாலும் இப்போதைய சட்டப்படி, ஏமாந்தவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அதனால் பணம் கட்டிய நண்பன் கோவையிலேயே போடுகிறான். அதே பகுதியில் உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், தேதியையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் எனக்கு அனுப்புங்கள். பணம் அதே பெயருக்குப் போயிருந்தால் போலீஸ் புகாரில் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.