பேரன்களா, நாற்காலி அம்மாவா? இரண்டு ரோமானிய வெள்ளிக் காசுகள்

கொங்குப் பகுதியில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் இரண்டு வகைதான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் போட்டது, மற்றது அவருக்கு அடுத்து வந்த டைபீரியஸ் போட்டது. இரண்டும் டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு வகை, இரண்டும் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அச்சானவை, எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் எதை வைத்து ஒப்பிடுவது? பூப் பக்கத்தை வைத்துத்தான்.

அகஸ்டஸ் காசு கி.மு. 2இல் தொடங்கியது. பின்பக்கம் அவருடைய பேரன்களும் தத்துப் பிள்ளைகளுமான கயுஸ், லூசியஸ் இருவரும் டோகா என்ற ரோமானியப் போர்வை ஆடை உடுத்தி நிற்கிறார்கள். நடுவில் இரண்டு வட்டக் கேடயங்கள், அவற்றுக்குப் பின்னால் ஈட்டிகள். மேலே ஒரு பூசைக் கரண்டி, முனை சுருண்ட ஒரு கோல். பையன்கள் ஏற்ற பூசாரிப் பதவிகளின் அடையாளம் இவை. சில காசுகளில் கரண்டியும் கோலும் இடம் மாறியிருக்கும். 'எனக்குப் பிறகு இவர்கள்தான்' என்று பேரரசு முழுக்கக் கைமாறிய பட்டாபிஷேக அறிவிப்பு இது. ஆனால் லூசியஸ் கி.பி. 2இல் இறந்தான், கயுஸ் கி.பி. 4இல்.

அந்த இடத்துக்கு வந்தவர்தான் டைபீரியஸ். அவருடைய காசில் ஓர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கையில் செங்கோல், மறு கையில் கிளை. அவருடைய தாய் லிவியா என்பார்கள், அமைதித் தெய்வம் என்பாரும் உண்டு. சுற்றிலும் 'தலைமைப் பூசாரி' என்ற பட்டம், அவ்வளவுதான். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர், வெள்ளியில் பெரும்பாலும் இதே படத்தையே போட்டார். நாற்காலிக் கால் வெறுமையா, வேலைப்பாடா என்று பார்த்துத்தான் சேகரிப்பாளர்கள் வகை பிரிக்கிறார்கள். இயேசு 'இந்த உருவம் யாருடையது?' என்று கேட்ட காசு இதுதான் என்ற நம்பிக்கையால் இதற்கு எப்போதும் கிராக்கி. காசில் அதற்கு ஓர் அத்தாட்சியும் இல்லை.

என் ஓட்டு பேரன்களுக்குத்தான்.

அந்தக் காலத்தில் இங்கே வாங்கியவர்களுக்கு இந்தக் குடும்பக் கதையெல்லாம் எதற்கு? எந்தத் தலை பொறித்திருந்தாலும் டெனாரியஸ் எல்லாம் ஒரே எடையில் இருப்பதைப் பார்த்து இலங்கை அரசர் வியந்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். பின்னால் வந்த பேரரசர் நீரோ கி.பி. 64 வாக்கில் எடையையும் வெள்ளியையும் குறைப்பதற்கு முந்தைய காசுகள்தான் இங்கே குவிந்தன. பேரன்கள் காசைப் பார்த்துச் செய்த நகல்களும் இந்தியாவில் உண்டு. எழுத்தெல்லாம் கோணல்மாணலாக இருக்கும். கேடயமும் ஈட்டியும் மட்டும் அடையாளம் தெரியும்.