பாட்டில் வாங்கும் இயந்திரம்: 5க்கு 2 நட்சத்திரம்

வேலூர், காட்பாடி பக்கம் நர்சிங் படித்த பிள்ளைகள் பலர் இப்போது அயர்லாந்தில் வேலையில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாமும் மாறி மாறிப் போய் வருகிறோம். போன இடத்தில் நம் பொறுப்புக்கு வருகிற வேலைகளில் ஒன்று, காலி பாட்டிலையும் குளிர்பானம் வரும் உலோகக் கேனையும் கடைக்குக் கொண்டுபோய் இயந்திரத்தில் போட்டு டெபாசிட் காசைத் திரும்ப வாங்குவது. மகளுக்கு ராத்திரி டியூட்டி, மருமகனுக்குப் பகல் டியூட்டி. வீட்டில் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இனி போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2024 பிப்ரவரி 1 முதல் அந்த நாட்டில் பிளாஸ்டிக் பாட்டிலிலோ கேனிலோ பானம் எது வாங்கினாலும் விலையோடு டெபாசிட் சேர்த்து வாங்குகிறார்கள். 150 மில்லியிலிருந்து அரை லிட்டர் வரை 15 சென்ட், அதற்கு மேல் 3 லிட்டர் வரை 25 சென்ட். நம் பணத்தில் கிட்டத்தட்ட 15 ரூபாய், 25 ரூபாய். பில்லில் தனியாகவே போட்டிருக்கும். கண்ணாடி பாட்டிலும் பாலும் இதில் சேராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற பிளாஸ்டிக் பான பாட்டிலில் 90 சதவீதத்தை 2029க்குள் தனியாகத் திரட்டியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. நோக்கத்தில் எனக்கு முழுச் சம்மதம். நம் பாலாற்றுப் பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தவன் யாரும் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டான்.

நன்றாக ஓடும் நாளில் இயந்திரம் அருமையானது. வட்டமான வாய். பாட்டிலைப் படுக்க வைத்தால் உள்ளே உருட்டிப் பார்க்கும், பார்கோடைப் படிக்கும், இழுத்துக்கொள்ளும், நசுக்கும் சத்தம் கேட்கும். திரையில் 15, 30, 55 என்று ஏறிக்கொண்டே போகும். முடித்ததும் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். ஒரு பை நிறைய பாட்டிலைச் சில நிமிடத்தில் முடித்துவிடலாம். என் 2 நட்சத்திரமும் இதற்குத்தான்.

மீதி 3 எங்கே போனது என்றால், நன்றாக ஓடாத நாட்களில். சனி ஞாயிறு விருந்தெல்லாம் முடிந்து திங்கட்கிழமை காலையில் போனால், உள்ளே தொட்டி நிரம்பிவிட்டது என்று திரையில் எழுதியிருக்கும். நான் பெரும்பாலும் போன கடையில் இருந்தது ஒரே இயந்திரம். திறந்து தொட்டியை மாற்ற வேண்டிய பையன் கல்லாவில் பில் போட்டுக்கொண்டிருப்பான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், ஒற்றை ஆள் எத்தனை இடத்தில் நிற்பான்? ஆனால் வரிசை நிற்கிறதே. எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, சக்கரம் வைத்த பையை மழையில் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். திரையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் நின்றார், பையைத் திருப்பி இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையில் இருந்தது அவர் ஏற்கெனவே கொடுத்த காசு. அதைத் திரும்பக் கேட்க வந்தவரை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூட அங்கே ஆள் இல்லை.

நான் கண்டக்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடியாத்தம் வண்டியில் காலை நேரத்தில் சில்லறைக்கு எங்கே போவது? டிக்கெட்டுக்குப் பின்னால் மீதியை எழுதிக் கொடுப்போம். இறங்குகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் காசு அவருடையது, அவர் படியில் கால் வைக்கும் முன்னால் கொடுத்தாக வேண்டும். "கண்டக்டரு, என் ரெண்டு ரூபா" என்று ஒரு பாட்டி கூப்பிட்டால் வண்டியே திரும்பிப் பார்க்கும். இயந்திரத்தை அப்படிக் கூப்பிட முடியாது. என் கோபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. வாங்கும்போது கல்லாவில் ஒரு நொடியில் வாங்கிவிடுகிறார்கள். கொடுக்கும்போது மட்டும் ஆயிரம் நிபந்தனை.

பாட்டில் நசுங்கியிருக்கக் கூடாது. லேபிள் கிழிந்திருக்கக் கூடாது. உள்ளே ஒரு வாய் தண்ணீர் இருந்தாலும் திருப்பித் தள்ளும். திட்டத்தின் முத்திரை இல்லாவிட்டால் வாங்காது. வட அயர்லாந்து அடுத்த நாடு, அங்கே இந்தத் திட்டம் கிடையாது. பெல்ஃபாஸ்ட் போய் வரும்போது வாங்கிய தண்ணீர் பாட்டில் அதனால் செல்லாது. நசுக்கக் கூடாது என்பதுதான் வீட்டுக்குள் பெரிய பாடு. மகள் வீடு இரண்டு அறை ஃபிளாட். பாட்டிலெல்லாம் முழு உருவத்தோடு பால்கனியில் மூட்டை மூட்டையாக நிற்கும். மூட்டை நிறைந்த அன்றே இயந்திரமும் நிறைந்திருக்கும்.

"விடுங்கப்பா, பச்சைத் தொட்டியில போட்டுடலாம்" என்றாள் மகள். அங்கே மறுசுழற்சிக் குப்பைக்குத்தான் பச்சைத் தொட்டி. அலுத்துப்போய் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அப்படி விட்ட காசு யாருக்குப் போகிறது தெரியுமா? திரும்ப வாங்காத டெபாசிட், திட்டத்தை நடத்துகிறவர்களிடமே தங்கி, நடத்தும் செலவுக்குப் போகிறது. இயந்திரம் பழுதாகி நின்றால் நஷ்டம் மக்களுக்குத்தான். இன்னொன்று, சின்னக் கடைகள் பாட்டில் திரும்ப வாங்குவதிலிருந்து விலக்குப் பெறலாம். டெபாசிட் அங்கே கொடுத்துவிட்டு, பாட்டிலை வேறு பெரிய கடைக்குச் சுமக்க வேண்டும். கார் இருக்கிறவருக்குச் சரி. குழந்தையும் தள்ளுவண்டியுமாகப் பஸ்ஸில் போகிறவர் என்ன செய்வார்?

திரும்பி வந்ததிலிருந்து சத்துவாச்சாரியில் எங்கள் தெரு சோடாக் கடையை வேறு கண்ணால் பார்க்கிறேன். கலர் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பாட்டில் காசு கொடுத்துவிட்டுப் போக வேண்டும். காலியைக் கொண்டு வந்தால் கிரேடில் செருகிவிட்டுக் காசைக் கையில் வைப்பார். வாய் உடைந்திருந்தால் வாங்க மாட்டார், ஆனால் ஏன் என்று சொல்வார், நாமும் பதிலுக்குப் பேசலாம். 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கும் அப்படித்தான் அட்வான்ஸ். வீட்டை மாற்றிக்கொண்டு போகும்போது கேனைக் கொடுத்தால், "இன்னாணா, அடி கீறியிருக்குதே" என்று பையன் கேட்பான். கொஞ்சம் தகராறு நடக்கும், முடிவில் காசு வரும். இவை எதிலும் மின்சாரம் இல்லை, திரை இல்லை. எதிரில் முகம் இருக்கிறது.

நம் மாநிலத்திலும் இது வந்துவிட்டது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022இல் நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது. பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி, ஆள் கையால் வாங்குகிற முறை. காட்டில் யானைக் காலில் குத்துகிற கண்ணாடி குறைகிறது என்றால் நல்லது தானே. ஆனால் வாங்கி அடுக்க இடமில்லை, ஆளில்லை என்று கடை ஊழியர்கள் சொன்ன குறையை அரசு காது கொடுத்துக் கேட்க வேண்டும். நாளைக்குத் தண்ணீர் பாட்டிலுக்கும் இப்படி ஒன்று வந்து, பழைய பஸ் ஸ்டாண்டில் இயந்திரம் வைத்தால், பக்கத்தில் சம்பளத்துக்கு ஓர் ஆளையும் வைக்க வேண்டும். இன்றைக்குக் கோணிப்பையோடு பாட்டில் பொறுக்கிக் கிலோ கணக்கில் போடுகிற பெண்களுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம். எந்த பாட்டில் செல்லும், எது செல்லாது என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை.

அயர்லாந்து போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. திங்கட்கிழமை போகாதீர்கள், வாரத்தின் நடுவில் காலையில் போங்கள். பாட்டிலைக் காலி செய்து, மூடி போட்டே கொடுங்கள். சீட்டைக் கொடுத்துச் சாமான்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கல்லாவில் காசாகவே கேட்கலாம், கொடுப்பார்கள். நான் கேட்டு வாங்கினேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒரு கடைச் சீட்டு இன்னொரு கடையில் செல்லாது. ஊருக்குத் திரும்பும் வாரம் பையிலும் சட்டைப் பாக்கெட்டிலும் தேடி, கிடைத்த சீட்டையெல்லாம் அந்தந்தக் கடையில் மாற்றிவிட்டு விமானம் ஏறுங்கள்.