அரசன் தவறாகக் கட்டளையிட்டால்: ரோஹன், கோண்டோர், வெஸ்டரோஸ், மலாக்கா

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தமிழில் ஃபேன்டஸி நாவல் எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் தங்கள் பிரதிகளை என்னிடம் படிக்கத் தருகிறார்கள். மொழி நன்றாக இருக்கிறது, போர்க்களம் பிரமாதமாக இருக்கிறது. அரசவைக்குள் நுழைந்ததும் கதை சோர்ந்துவிடுகிறது. மந்திரி ஒன்று நயவஞ்சகன், இல்லாவிட்டால் தாடி வைத்த ஞானி. "மந்திரி கெட்டவனா இருந்தாத்தானே அண்ணே கதை நகரும்?" என்று ஒரு தங்கை கேட்டாள். நகரும்தான். ஆனால் அதைவிட நன்றாக நகர்த்தும் வழிகள் இருக்கின்றன. நான்கு அரசவைகளை எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்: அரசன் தவறான கட்டளை போட்டுவிட்டான், அடுத்து என்ன நடக்கிறது?

டோல்கீனின் 'தி டூ டவர்ஸ்' (1954) நாவலில் ரோஹன் அரசன் தியோடனுக்கு அருகில் இருப்பது ஆலோசகன் கிரிமாவின் குரல் மட்டும்தான். மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவன் வழியாகத் திரிந்துதான் அரசனின் காதுக்குப் போகும். தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லயத்தில் நடப்பது துரைக்குத் தெரிவது கிராணி சொல்லித்தான். கிராணி சொல்லாதது நடக்காதது மாதிரி. 2002-இல் வந்த திரைப்படம், சாருமான் என்ற மந்திரவாதி தியோடனைப் பிடித்து ஆட்டுவதாகக் காட்டியது. ஓட்டிவிட்டால் அரசன் சரியாகிவிடுகிறான். நாவல் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அங்கே கிரிமாவின் ஆயுதம் பேச்சு. வயதாகிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வருகிறவன் எல்லாம் கெட்ட செய்தியோடுதான் வருகிறான் என்று ஓதி ஓதியே அரசனைக் கூன வைத்துவிட்டான். அரசனின் வாள் கிரிமாவின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அரசனின் தங்கை மகன் எயோமர் காவலில் இருக்கிறான்.

இந்த இடத்தில் எல்லோரும், வெளியிலிருந்து வந்து அரசனைத் தெளிய வைக்கும் மந்திரவாதி காண்டால்ஃபைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமானவன் வாசற்காவலன் ஹாமா. வருகிறவர்களின் ஆயுதங்களை வாங்கி வைத்துவிட்டு உள்ளே அனுப்புவது அவன் வேலை. காண்டால்ஃபின் கைத்தடியைப் பார்த்துத் தயங்குகிறான். மந்திரவாதி கையில் இருப்பது வெறும் ஊன்றுகோல் இல்லை என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும், சந்தேகம் வரும்போது தன் அறிவை நம்புவதே சரி என்று முடிவெடுத்து விட்டுவிடுகிறான். ரோஹன் பிழைத்தது அந்த வாசலில். பிறகு எயோமருக்கு வாளைத் திருப்பிக் கொடுப்பதும் அவன்தான். அரசன் கேட்டதும் "என் வேலைதான்" என்று ஒப்புக்கொள்கிறான். தியோடன் அவனைத் தண்டிக்கவில்லை. கிரிமாவைக்கூடக் கொல்லாமல், என்னோடு போருக்கு வா, இல்லாவிட்டால் ஒரு குதிரையை எடுத்துக்கொண்டு போ என்கிறான். கெட்ட மந்திரியை வைத்தே தீருவேன் என்பவர்கள் பின்பற்ற வேண்டியது இந்த மாதிரியைத்தான். குறை ஒன்றே ஒன்று: அரசன் எழுந்து நிற்க வெளியூரிலிருந்து ஒரு காண்டால்ஃப் வர வேண்டியிருக்கிறது.

அடுத்து, 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' (1955) நாவலின் டெனத்தோர். அரசன் இல்லாத கோண்டோரை அரசன் பெயரால் ஆள்பவர். கூர்மையான மனிதர், கிரிமா மாதிரி ஆளெல்லாம் அவரிடம் ஒரு நாள் தாங்க மாட்டான். ஆலோசகரே வேண்டாம் என்று, தொலைவில் நடப்பதைக் காட்டும் பலந்தீர் கல்லில் தானே பார்த்துக்கொள்கிறார். கல் காட்டியது பொய்யும் இல்லை. கறுப்புப் பாய்மரக் கப்பல்கள் ஆற்றில் ஏறி வந்தது உண்மை. அதில் வருவது உதவிக்கு ஓடிவரும் ஆரகோர்ன் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்து, உயிரோடு இருக்கும் மகன் ஃபாராமிரைத் தன்னோடு சேர்த்து எரிக்கச் சொல்கிறார். வேலையாட்கள் விறகு அடுக்குகிறார்கள். பெரகோண்ட் என்ற காவல் வீரன் ஒருவன்தான் தன் காவலை விட்டு ஓடிவந்து, ரத்தம் சிந்தி, ஃபாராமிரைக் காப்பாற்றுகிறான்.

பின்னால் அரசனான ஆரகோர்ன் முன் பெரகோண்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். காவலை விட்டதற்கும் புனித இடத்தில் ரத்தம் சிந்தியதற்கும் பழைய சட்டப்படி மரணம். ஆரகோர்ன் தண்டனையை நீக்குகிறான். ஆனால் கோட்டைக் காவல் படையில் இனி உனக்கு இடமில்லை என்கிறான். பெரகோண்டின் முகம் வாடிய பிறகுதான், ஃபாராமிரின் காவல் படைக்கு நீதான் தலைவன் என்கிறான். விதி மீறியது மீறியதுதான், நல்லதற்காக மீறினான் என்பதும் உண்மைதான். ஒரே தீர்ப்பில் இரண்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' (1996) நாவலில் வெஸ்டரோஸை ஆளும் ராபர்ட் அரசனுக்கு ஆலோசனை சொல்ல ஒரு மன்றமே உண்டு. தான் வீழ்த்திய அரச குடும்பத்தில் பிறந்து கடல் கடந்து வாழும் டெனேரிஸ் என்ற பெண்ணைக் கொல்ல வேண்டும் என்கிறான். பெரும்பாலோர் தலையாட்டுகிறார்கள். அரசனின் முதன்மை அமைச்சர் நெட் ஸ்டார்க் முகத்துக்கு நேரே மறுத்து, பதவிச் சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். அரசன் கேட்காதவனாக இருந்தாலும் நல்லதை எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவன் கடமை என்கிறது குறள் 638. நெட் அதைக் குறையில்லாமல் செய்தார், கட்டளையோ கிளம்பிப் போய்விட்டது. சாகும் நேரத்தில் ராபர்ட் மனம் மாறி, அவளை விட்டுவிடுங்கள் என்கிறான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கொலை முயற்சி தோற்றாலும் அவள் கணவன் வெகுண்டு, கடல் கடந்து படையெடுப்பேன் என்று சபதம் எடுக்கிறான். ராபர்ட் எதற்குப் பயந்தானோ அதுவே. நீண்ட தொடர் எழுதுபவருக்கு மன்றம் நல்ல வசதி. முதல் நாவலுக்கு வேண்டாம், ஆட்கள் அதிகமாகிவிடுவார்கள்.

கடைசியாக மலாக்கா. துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஹங் துவா. மெர்டேக்கா அரங்கம் இருப்பது ஜாலான் ஹங் ஜெபாட்டில். தினமும் காதில் விழும் பெயர்கள், நம் பிரதிகளில் மட்டும் இவர்களின் நிழல்கூட விழுவதில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது. 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்த மலாய்க் காவியமான ஹிக்காயாட் ஹங் துவாவில், பொறாமைக்காரர்களின் கோளைக் கேட்டு மலாக்கா சுல்தான் தன் வீரன் துவாவைக் கொல்லச் சொல்கிறான். பெண்டஹாரா, அதாவது முதல் அமைச்சர், துவாவைக் கொல்லாமல் உள்நாட்டில் ஒளித்து வைக்கிறார். துவா செத்துவிட்டான் என்றே சுல்தான் நம்புகிறான். பிறகு துவாவின் நண்பன் ஜெபாட் அரண்மனையைப் பிடித்துக்கொள்கிறான், சுல்தான் வெளியேற வேண்டியதாகிறது. துவா இல்லாமல் போனானே என்று அவன் வருந்தும்போது, பெண்டஹாரா உண்மையைச் சொல்கிறார். துவா மன்னிக்கப்பட்டுத் திரும்புகிறான்.

நெட் மறுத்துவிட்டு விலகினார். பெண்டஹாரா மறுக்காமல், கட்டளையைக் கையில் வாங்கிக்கொண்டு, நிறைவேற்றாமல் வைத்திருந்தார். அரசன் திரும்பி வர நினைத்தபோது வழி திறந்திருந்தது அதனால்தான். ராபர்ட்டுக்கு அந்த வழி இல்லை.

இதோடு நின்றிருந்தால் பெண்டஹாராவும் தாடி வைத்த ஞானியாகியிருப்பார். ஆனால் ஜெபாட் எழுந்தது எதற்காக? குற்றமற்ற நண்பனைக் கொன்றுவிட்டார்கள் என்று நம்பித்தான். நீ உயிரோடு இருப்பது தெரிந்திருந்தால் இதைச் செய்திருக்கவே மாட்டேன் என்று துவாவிடமே சொல்கிறான். அந்த துவாவின் கையாலேயே சாகிறான். துவாவைக் காத்த ரகசியம்தான் ஜெபாட்டைக் கொன்றது. பெரகோண்ட் வெளிப்படையாக மீறினான், அரசன் முன் நின்று தீர்ப்பு வாங்கினான், கணக்கு முடிந்தது. பெண்டஹாராவை யாரும் அப்படி நிறுத்திக் கேட்கவில்லை. நம் காலத்து எழுத்தாளர் புகுந்து எழுத இடம் இருப்பது அங்கேதான்.

ஆகவே என் ஓட்டு மலாக்காவுக்கு. தங்கையிடமும் இதைத்தான் சொன்னேன்: உன் மந்திரியைக் கெட்டவனாக்காதே. கட்டளையை வாங்கிக்கொண்டு அவன் வெளியே வரட்டும், நிறைவேற்றாமல் இருக்கட்டும். எத்தனை நாள் மறைத்தான், அந்த நாட்களில் யார் செத்தார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு அத்தியாயத்தைத் தொடங்கு.