சாலைக்கு முதுகு காட்டிய வீடு: ஆறு ஆண்டு அனுபவம்

சேலம்–ஓமலூர் சாலையை ஒட்டி வீடு கட்டிக் குடிபுகுந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பதே 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. மனையில் நின்று கைபேசியில் அளந்தபோதோ, நள்ளிரவிலும் லாரி கடக்கும்போதெல்லாம் 80-ஐத் தொட்டது (கைபேசிக் கணக்கு தோராயமானதுதான்).

சாலை மேற்கே இருக்கிறது. சேலத்துச் சித்திரை வெயில் சுவரைக் காய்ச்சுவதும் அதே பக்கம் என்பதால், மாடிப்படி, குளியலறைகள், சாமான் அறை ஆகியவற்றை மேற்கில் வரிசையாக வைத்து, கூடமும் படுக்கையறைகளும் கிழக்கே சிறு முற்றத்தை நோக்கித் திறக்குமாறு அமைத்தோம். வீட்டின் அமைதியில் பெரும்பங்கு இதனால் கிடைத்தது. இதற்குத் தனிச் செலவும் இல்லை. வாசலில் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லையே என்னும் மாமியாரின் குறை மட்டும் இன்றுவரை தீரவில்லை.

பணத்தை விழுங்கியது கண்ணாடி. மாடியில் ஓர் அறைக்கு மேற்கு ஜன்னல் தவிர்க்க முடியாமல் போக, இரட்டைக் கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னலைப் பொருத்தினார்கள். ஸ்லைடிங் கதவு ஓடுவதற்கு விடும் இடுக்கில் காற்றோடு ஒலியும் நுழையும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, நடுவில் படலம் ஒட்டிய லேமினேட் கண்ணாடியுடன், ரப்பர் பட்டையின் மேல் அழுந்தி மூடும் கீல் ஜன்னலாக மாற்றிய பிறகே ஹாரன் ஒலி அடங்கியது. லாரி கியர் மாற்றும் உறுமல் இன்னும் கேட்கிறது. தாழ்ந்த சுருதி ஒலியைத் தடுக்க எடை வேண்டும், 9 அங்குலச் செங்கல் சுவருக்கு இருக்கும் எடை கண்ணாடிக்கு ஏது?

ஏழடி மதில் தரைத்தளத்துக்கு உதவியது, கம்பி கேட்டுக்குத் தகடு அடித்த பிறகு இன்னும் நன்றாக. சாலை கண்ணுக்குத் தெரியும் மாடிக்கு அதனால் பயனில்லை. நெட்டிலிங்க மரங்கள் புழுதியைத் தடுக்கின்றன. ஓசையைத் தடுப்பதாகத் தோன்றவில்லை.

மேற்கை அடைத்ததால் காற்று முற்றத்திலிருந்து வந்து மாடிப்படி உச்சியிலுள்ள திறப்பு வழியே வெளியேறுகிறது. அந்தத் திறப்பைச் சாலைப் பக்கம் வைத்தது எங்கள் தவறு. அதைக் கிழக்கே திருப்பித் தர வைகாசியில் வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார்; அதுவரை இரவில் அதைப் பலகையால் மூடிவிட்டு, புழுக்கத்தோடுதான் தூங்குகிறோம்.