கேப் போட்ட பல்லை ஏன் பிடுங்க வேண்டியதாயிற்று: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ரூட் கேனால் (பல்லின் உள்ளிருக்கும் நரம்பை அகற்றி அடைக்கும் சிகிச்சை) செய்த என் இரண்டு பற்களுக்கு கேப், அதாவது பல்லை மூடும் உறை, போட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. மேல் வரிசையில் உள்ள சிறு கடைவாய்ப்பல்லுக்கு உலோகத்தின் மேல் செராமிக் பூசிய மெட்டல் செராமிக்கும் கீழ் வரிசையில் உள்ள பெரிய கடைவாய்ப்பல்லுக்கு உறுதியான செராமிக் வகையான ஜிர்கோனியாவும் போட்டிருந்தார்கள். இவற்றில் மேல் பல் இப்போது வாயில் இல்லை. அதைப் பிடுங்கியபோது கேப்பில் ஒரு கீறல்கூட இல்லை என்பதால், கேப்பின் தரத்தைக் குறித்து எனக்குப் புகார் ஏதுமில்லை. அதன் அடியில் பல்லுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

கேப் போடும் நாளில் பேச்செல்லாம் எந்தப் பொருள், என்ன நிறம், என்ன விலை என்பதிலேயே கழிந்துவிடுகிறது. ஜிர்கோனியா என்றால் 10 ஆண்டு, 15 ஆண்டு என்று வாரண்டி அட்டையும் கையில் கிடைக்கும். அந்த வாரண்டி கேப் உடைந்தால் மட்டுமே பொருந்தும்; உள்ளே இருக்கும் பல் சொத்தையானாலோ வேர் பிளந்தாலோ அதற்கு இடமில்லை. செராமிக்கும் உலோகமும் சொத்தையாவதில்லை. கேப் உட்காருவதற்காகச் சுற்றிலும் 1 மில்லிமீட்டருக்கு மேல் செதுக்கப்பட்ட இயற்கைப் பல்தான் சொத்தையாகிறது.

அந்தச் சொத்தை பெரும்பாலும் கேப்பின் விளிம்பும் பல்லும் சேரும் ஓரத்தில் தொடங்குகிறது. வயதாகி ஈறு சற்றே இறங்கினால், விளிம்புக்குக் கீழே வேரின் மேற்பரப்பு வெளியே தெரியத் தொடங்கும். பல்லின் மேற்பகுதியை மூடும் எனாமல் கரைவதற்கு வாயின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் அளவீடு) 5.5 அளவுக்கு இறங்க வேண்டும். எனாமல் இல்லாத வேரோ 6-க்கு மேல் இருக்கும்போதே கரையத் தொடங்கிவிடுகிறது. சர்க்கரை போட்ட காபியை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. ரூட் கேனால் செய்த பல்லில் நரம்பு இல்லாததால் கூச்சமோ வலியோ எச்சரிக்காது. எக்ஸ்ரே எடுத்தாலும், உலோகமும் ஜிர்கோனியாவும் கதிர்களை மறைப்பதால், கேப்புக்குள் இருக்கும் சொத்தை படத்தில் தெரியாமல் போகலாம். கேப் லேசாக ஆடும்போதோ, பல் இடுக்கில் விட்டுச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலில் கெட்ட வாடை வரும்போதோதான் பலருக்கும் விஷயம் தெரியவருகிறது. அதற்குள் கேப் பிடித்து நிற்கப் பல்லே மிஞ்சாத நிலையும் வந்துவிடுகிறது.

என் மேல் பல் போனது சொத்தையால் அன்று, வேரில் விழுந்த நெடுக்கு விரிசலால். ரூட் கேனால் செய்தபோதே அதன் சுவர்கள் பெரும்பாலும் அரிக்கப்பட்டிருந்ததால், வேருக்குள் போஸ்ட் எனப்படும் ஒரு சிறு தண்டை நட்டு, அதன்மேல் ஃபில்லிங்கால் அடித்தளம் கட்டி, கேப்பைப் பொருத்தியிருந்தார்கள். ஈறுக்கு மேல் சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்கேனும் நல்ல பல் இருந்து, அதைக் கேப் வளையம்போல் இறுகப் பற்றினால்தான் கடிக்கும் விசை பரவும். இல்லாவிட்டால், மெல்லும் ஒவ்வொரு முறையும் விசை போஸ்ட் வழியாக வேருக்குள் இறங்குகிறது. போஸ்ட் பல்லுக்கு வலு சேர்க்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது அடித்தளத்தைத் தாங்குகிறதே தவிர, வேருக்கு வலுவூட்டுவதில்லை.

அறிகுறி மிகச் சாதாரணமாக வந்தது. ஈறில் பரு போன்ற ஒரு சிறு கொப்புளம் தோன்றுவதும் தானே உடைந்து அடங்குவதுமாக இருந்தது; வலி என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. மருத்துவர் அளவுக்கோடிட்ட மெல்லிய கருவியை ஈறு ஓரமாக விட்டுப் பார்த்தார். சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டரில் நின்ற கருவி, ஒரே ஓர் இடத்தில் மட்டும் 9 மில்லிமீட்டர் வரை இறங்கியது. ஈறு நோயானால் பள்ளம் பொதுவாக அகலமாக இருக்கும் என்றும், இப்படிக் குறுகி ஆழமாக இறங்கினால் விரிசலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்றும் விளக்கினார். விரிசல் வழியே கிருமிகள் புகுந்து சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துக்கொண்டே போவதால், மறுபடி ரூட் கேனால் செய்வதிலோ கேப்பை மாற்றுவதிலோ பயனில்லை. தள்ளிப்போட்டிருந்தால், பின்னால் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்துவதற்கான எலும்பும் குறைந்திருக்கும்.

ஈறு நோயாலும், வேர் நுனியில் மீண்டும் சீழ் கட்டுவதாலும் கேப் போட்ட பற்கள் போவதுண்டு. ஆனால் வேர் நுனிச் சீழைப் பொறுத்தவரை, மறு ரூட் கேனாலோ நுனியை வெட்டும் சிறு அறுவையோ பலருக்குப் பல்லைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. ஆகவே உடனே பிடுங்கச் சொன்னால் ரூட் கேனால் நிபுணர் ஒருவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்பது நல்லது.

கீழ்ப் பல் இன்றும் நன்றாக இருக்கிறது. அதில் சுவர்கள் போதுமான உயரத்துக்கு மிஞ்சியிருந்ததால் போஸ்ட் தேவைப்படவில்லை; இரண்டு பற்களுக்கும் ஏற்பட்ட வேறுபாட்டுக்கு ஜிர்கோனியாவைவிட இதுவே காரணம் என்று கருதுகிறேன். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், மேல் பல் போன பிறகு, தூங்கும்போது பற்களின்மேல் மாட்டும் காப்பு உறையான நைட் கார்டு அணிகிறேன். பல் இடுக்குப் பிரஷ்ஷால் விளிம்பைத் தினமும் சுத்தம் செய்கிறேன். புதிதாகக் கேப் போட இருப்பவர்கள், எந்தப் பொருள் என்று கேட்பதற்கு முன், ஈறுக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் நல்ல பல் மிஞ்சியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.